நாலு வாசல் வெளிச்சம்

பதினோராவது வினாடியில் இடது கன்னம் இருண்டது.

பிரீத்திகா வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். சிரிக்கிறாள், கிரீம் டப்பாவின் மூடியைத் திருகுகிறாள், “வெயில்ல அலையிற கைக்கு” என்று ஆரம்பிக்கிறாள். சரியாக அந்த இடத்தில், மேற்கு வாசலில் யாரோ வந்து நின்று வெளிச்சத்தை மறைத்ததுபோல ஒரு பக்க முகம் மங்கி, நாலு வினாடி கழித்துத் தெளிந்தது. மேகம் என்று சொல்லிக்கொண்டாள். சித்திரை மாதம். திருத்தங்கலுக்கு மேல் மேகம் வந்து ஒரு மாதம் இருக்கும்.

மூன்று மாதமாக இந்த ஒரு ஆர்டருக்குத்தான் காத்திருந்தாள். கம்பெனிகள் பொருளை அனுப்பும். நடிகை மாதிரி இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி அதை எடுத்துப் பூசி, பேசி, செல்லில் படம்பிடித்துக் கொடுக்க வேண்டும். அதைக் கம்பெனி தன் விளம்பரமாகப் போட்டுக்கொள்ளும். யாரும் கேட்காமலே மாதிரி வீடியோக்கள் செய்தாள். வீட்டிலிருந்த சீயக்காய், தேங்காய் எண்ணெய், சபரிநாதன் அண்ணாச்சி கடையின் பட்டாசுப் பெட்டி. அறுபது கம்பெனிக்கு அனுப்பினாள். ஒன்று பதில் போட்டது.

“டப்பாகூடப் பேசுறதுக்கெல்லாம் ஒருத்தன் வேலை குடுப்பானாக்கும்,” என்றாள் அம்மா வெள்ளைத்தாய். அச்சாபீசில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிறவள். “இந்த ஒண்ணை முடிச்சுக் காட்டு. இல்லைன்னா திங்கக்கிழமை எங்கூடக் கெளம்பு. காலண்டரு ஒண்ணும் ஒன்னையச் சிரிக்கச் சொல்லாது.”

அம்மாவின் வலது முன்கையில் நாலு தழும்புகள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், வழவழவென்று, மெழுகு ஊற்றியதுபோல. கேட்டால் கதவு பட்டது என்பாள்.

அவை அண்ணாச்சியின் பட்டாசு ஆலையில் வெடித்த நாளில் வந்தவை. பிரீத்திகா ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட ஓட்டிலிருந்து மண் கொட்டியது. சாயங்காலம் வேலிக்கு வெளியே சீமைக்கருவேல மரத்தில் முழங்கை வரைக்கும் ஒரு கை தொங்கியது. கை முழுக்க வெடிமருந்து மாவின் வெள்ளி நிறம். மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் ஒன்றுகூட உடையவில்லை. காக்கைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. இரண்டு ஆட்கள் தொரட்டியால் இழுத்து உரச்சாக்கில் போட்டார்கள். அம்மா வேலை பார்த்த ரூமில் நாலு பேர் செத்தார்கள். அம்மா மட்டும் வெளியே வந்தாள்.

ஆலையை அதன்பிறகு மூடிவிட்டார்கள். அங்கே ஒரு ரூமின் சாவியைத்தான் படம்பிடிக்க அண்ணாச்சி கொடுத்திருந்தார்.

“அந்த ரூமா அண்ணாச்சி?”

“அதை அன்னைக்கே தரையோட தரையா ஆக்கியாச்சு தாயி. இது வேற. சும்மாதான கெடக்கு, வச்சுக்க.” சாவியின் துருவை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னார். துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒரே ஜன்னல். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. இங்கே நாலு பக்கமும் வாசல். வெடித்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதற்காகக் கட்டியது. முகத்தில் நிழலே விழாது. அம்மாவிடம் தோழி சினேகா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

வெளிச்சுவரில் சிவப்புப் பெயின்டில் ‘ஆட்கள் 4’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வாசலோரமும் ஒரு செம்புத் தகடு. உடம்பிலிருக்கும் கரண்டு இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நூல் துணிதான் உடுத்த வேண்டும். செல்லை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பிரீத்திகா ஊதா நிற நைலான் துப்பட்டாவோடு, செல்லோடு, தகட்டைத் தொடாமல் போனாள். மருந்தே இல்லாத ரூமுக்கு எதற்கு?

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாக அந்த வீடியோவை ஓடவிட்டாள். அவளுடைய குரலுக்கு அடியில், ரப்பர் விரிப்பின் மேல் காகிதக் குழாய்கள் உருளுகிற சத்தமும், பல விரல்கள் ஒரே தாளத்தில் மாவை அள்ளி அடைக்கிற சரக் சரக்கும், கிட்டத்தில், மிகவும் கிட்டத்தில், யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன. அவள் பேசி முடித்து மூச்சு விடுகிற இடைவெளியில் ஒரு பெண்குரல். கோபமே இல்லை.

“செல்லை வெளிய வச்சுட்டு வா, தாயி.”

சத்தத்தை முழுக்க அழித்தாள். பாட்டு ஒன்றைச் சேர்த்து அனுப்பினாள்.

சாயங்காலம் ஸ்ரீமதி கூப்பிட்டாள். சென்னையில் அந்தக் கம்பெனியின் விளம்பரங்களைப் பார்க்கிறவள். வேகமாகப் பேசுவாள்.

“பிரீத்திகா, சூப்பர். பின்னாடி உட்கார்ந்து வேலை செய்யறாங்களே, அவங்க யாரு?”

“பின்னாடியா மேடம்?”

“முக்காடு போட்டுட்டு. பெரிய ஸ்கிரீன்ல தெளிவா தெரியுது. வீடு மாதிரியே இருக்கு. இதைத்தான் நாங்க தேடறோம். அம்மாவா?”

சுவரில் கறை இருக்கும். கறையைப் போய் ஆள் என்கிறாள். இல்லையென்று சொன்னால் ஆர்டர் போய்விடும். திங்கட்கிழமை தகரம் அடிக்க வேண்டும்.

“ஆமா மேடம். அம்மாதான்.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு அதே இடத்துல வீடியோ கால்ல வாங்க. அம்மா கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினா போதும். நானே கால்ல ரெக்கார்ட் பண்ணி ஓகே பண்ணிடறேன்.”

மறுநாள் காலை, பெருமை தாங்காமல், அந்த வீடியோவை அம்மாவின் செல்லுக்கு அனுப்பினாள். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். டீ நேரத்தில்தான் பார்ப்பாள்.

ரூமுக்குள் வாடை மாறியிருந்தது. சுண்ணாம்புக்கும் கந்தகத்துக்கும் அடியில், அடுப்பில் தலைமுடி விழுந்தால் வருமே, அது. ரப்பர் விரிப்பின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவு படிந்திருந்தது. காலை வைத்ததும் பாதத்தில் ஏறி மினுங்கியது. அவள் எப்போதும் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்ந்து கிடந்தது. உள்ளே இருந்த சுவர் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு மட்டும் வெளுப்பாக, தோளும் தலையுமாக, ஒரு மிச்சம்.

அண்ணாச்சி இடிக்கவில்லை. வெள்ளையடித்திருக்கிறார்.

செல் அடித்தது. ஸ்ரீமதி.

பத்து நிமிஷம். முடித்துவிட்டுப் போய்விடலாம். இனி வரவே வேண்டாம். செல்லை முக்காலியில் நிறுத்தி உட்கார்ந்தாள். திரையின் மூலையில் அவளுடைய உருவம் கட்டைவிரல் அளவில் தெரிந்தது. பின்னால் கறுப்பு. வேறொன்றும் இல்லை.

“வணக்கம்மா,” என்றாள் ஸ்ரீமதி. பிரீத்திகாவைப் பார்த்துச் சொல்லவில்லை. “ஓ, இன்னைக்கு நாலு பேரா? சொந்தக்காரங்களா? நல்லா இருக்கு. எல்லாரும் முகத்துல ஏதோ பூசியிருக்காங்களே, சில்வர் கலர்ல. ஃபேஸ் பேக்கா?”

“...ஆமா மேடம்.”

“அம்மாவைத் திரும்பச் சொல்லுங்க.”

பிரீத்திகா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மறுத்தது. எதிரே இருந்த வாசலைப் பார்த்துக்கொண்டே, வெறும் சுவருக்குச் சொன்னாள்.

“அம்மா. திரும்புங்க.”

முதுகுக்குப் பின்னால் ரப்பர் விரிப்பு கிறீச்சிட்டது.

“ஆங், பெர்ஃபெக்ட்! நீங்க கிரீம் போடுங்க.”

செல் அதிர்ந்தது. திரையின் மேல் ‘அம்மா’ என்று வந்தது. வெட்டினாள். மறுபடி வந்தது. வெட்டினாள். டப்பாவைத் திருகினாள். விரல்கள் வழுக்கின. கிரீம் சாம்பல் நிறமாக இருந்தது. புறங்கையில் தேய்த்தாள். எரிந்தது.

“வெயில்ல அலையிற கைக்கு...”

சரக். சரக். சரக்.

நின்றது.

“என்ன, எல்லாரும் எழுந்துட்டாங்க?” என்றாள் ஸ்ரீமதி. “எங்கே ஓடறாங்க?”

பிரீத்திகாவின் இரு பக்கமும் காற்று விலகியது. காலடிச் சத்தம் இல்லை. முடி கருகும் வாடை மட்டும் கடந்து போனது. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. தலைக்கு மேலே தாண்டியதுபோல ஒன்று.

“ஆளுக்கொரு வாசல்ல நிக்கறாங்களே. பிரீத்திகா, லைட்டை மறைக்கறாங்க. தள்ளி நிக்கச்...”

ஸ்ரீமதியின் முகம் அப்படியே நின்றுபோனது. வாய் திறந்தபடி.

ரூம் இருட்டிக்கொண்டு வந்தது. காலை பதினொரு மணி.

மறுபடி ‘அம்மா’. இந்தத் தடவை எடுத்தாள்.

“எங்கட்டி இருக்க?” அம்மாவின் குரல் கிழிந்திருந்தது. “அந்த ரூமுக்குள்ளயா? வெளிய வா. ஓடியா.”

“அம்மா, யாரு இவுகல்லாம்?”

“வீடியோவுல ஒனக்குப் பின்னால இருக்கிறது பாண்டிலட்சுமி. நாலு பேரு இருக்க வேண்டிய ரூமுல, சீசன்னு அவளை அஞ்சாவதா உட்கார வச்சாக. நடுவுல. அவளுக்குன்னு வாசல் கெடையாது. நான் மேக்கு வாசல்ல ஓடுறப்ப எங் கையப் புடிச்சா. நான்... உதறி உள்ள தள்ளிட்டேன் பிரீத்தி. தள்ளிட்டுத்தான் வந்தேன்.”

நாலு தழும்பு. நாலு விரல்.

“ஏதாச்சும் ஒரு வாசல்ல ஓடியா!”

பிரீத்திகா எழுந்தாள். நாலு வாசல். நாலிலும் முதுகு. ஒவ்வொரு முதுகின் ஓரத்திலும் சித்திரை வெயில் மயிரிழையாக ஒழுகியது. அம்மா ஓடிய பக்கம் ஓடினாள்.

மேற்கு.

அங்கே நின்றவள் திரும்பினாள். முக்காடு இல்லை. அது முடி. உருகி மண்டையோடு ஒட்டிய முடி. முகம் முழுக்க வெள்ளி. இமைகள் இல்லாததால் கண்ணை மூட முடியவில்லை. வலது கை முழங்கையோடு நின்றிருந்தது. நுனியில் எலும்பு, உடைத்த கரும்பு மாதிரி.

இடது கையைத் தூக்கினாள். உள்ளங்கையைப் பிரீத்திகாவின் மார்பில் வைத்தாள். சூடாக இருந்தது.

தள்ளினாள்.

பலமாக இல்லை. ஒருத்தி ஒருத்தியைத் தள்ளுகிற அளவுக்குத்தான்.

ரூமின் நடுவில் மல்லாந்து விழுந்தாள். மாவு எழும்பியது. வாயில். மூக்கில். ஊதாத் துப்பட்டா ரப்பரில் உரசிக்கொண்டு வந்தது. கையை ஊன்றினாள். விரல் நுனியில் ஊசி குத்தியது.

டப்.

சின்னதாக, நீல நிறத்தில் ஒரு பொறி.

சத்தம் கேட்கவில்லை. காதுக்குள் ஏதோ கிழிந்து கழுத்தில் வழிந்தது. வெள்ளை. எல்லாம் வெள்ளை. மூச்சை இழுத்தாள். தீ உள்ளே போனது. துப்பட்டா தோலானது. தோல் துப்பட்டாவானது. கையை உதறினாள். தோல் உறை மாதிரி கழன்று விரல் நுனிகளில் தொங்கியது.

பிறகு வெள்ளை வடிந்தது.

முக்காலி அப்படியே நின்றது. செல் திரை அணைந்து கறுப்புக் கண்ணாடியாக இருந்தது. உள்ளே அம்மாவின் குரல், தொலைவில், “எந்த வாசல்ல வர்ற? எந்த வாசல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடியில் ஐந்து பேர் தெரிந்தார்கள். நாலு பேர் அவரவர் இடத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தார்கள். நடுவில் ஊதா நிறத்தில் ஒருத்தி. அவள் முன்கையை நாலு விரல்கள் பிடித்திருந்தன. வளையல் போட்ட கை. முழங்கைக்கு மேலே யாரும் இல்லை.

வாசல்கள் நாலும் இப்போது காலியாக இருந்தன. நாலு பக்கமும் வெளிச்சம் கொட்டியது. முகத்தில் ஒரு நிழல்கூட இல்லை.

எழ வேண்டும் என்று பிரீத்திகா நினைத்தாள். அவளுடைய வெள்ளிக் கைகள் மாவை அள்ளின, குழாயில் அடைத்தன, அடுத்த குழாயை எடுத்தன.