இரு, வரேன்

தையல்காரி தன் மெஷினோடும் ஏழு வயது மகளோடும் அந்த ஆற்றங்கரை வீட்டில் வந்து இறங்கியபோது நல்ல வெயில். சுவரெல்லாம் வெள்ளம் ஏறி இறங்கிய கறை. கொல்லைப்பக்கம் நாலு படி இறங்கினால் தாழ்வான ஓர் அறை; வெளியே மட்டும் தாழ்ப்பாள். எந்தக் கோடையிலும் அதற்குள் சேற்று வாடை போகாதாம்.

சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். இந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'வரேன்' என்று சொல்லக்கூடாது. 'போறேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அச்சானியம் பிடித்த பேச்சு என்று அவளுக்குச் சுருக்கென்றது. பேச்சுக்குப் பேச்சு பேசும் அந்த வாயாடி மகள் ஒருமுறை "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டியதற்கு, தொடையில் ரத்தம் கட்டுமளவு கிள்ளி, 'போயிட்டு வரேன்' என்று சொல்லப் பழக்கியவள் அவள்.

வீட்டுக்காரர் விஷயத்தை உடைத்தார். அவருடைய தாத்தாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள், வெள்ளத்தன்று மூத்தாளின் மகளைத் தாழ்வறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். 'இரு, வரேன்' என்றாள். தான் பெற்ற பிள்ளைகளோடு படகேறிப் போனாள்.

"தண்ணி வடிஞ்சப்புறம்தான் கதவத் திறந்தாங்க. செருப்பு மாட்டி, ரெடியா உக்காந்திருந்துச்சாம். கதவுல ஒரு கீறல்கூட இல்ல. ஒரு தடவைகூடத் தட்டலம்மா. அவ்வளவு நம்பிக்கை."

யாருக்குக் காது குத்துகிறார் என்று அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பொத்தானும் நூலும் கொண்டுவருகிற கிழவர்தான் முதலில் சொன்னார். "அடுத்த வாரம் வரேம்மா."

தாழ்வறையிலிருந்து ஒரு சின்னக் குரல்.

"சரி."

மகள்தான் விளையாடுகிறாள் என்று நினைத்தாள். மகளோ அவள் காலடியில் துணித்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கிழவர் வரவில்லை. தன் வீட்டில், காய்ந்த கட்டிலில் செத்துக் கிடந்தார். தூக்கியவர்கள் வந்து சொன்னார்கள், வாயிலிருந்து குடம் குடமாய் ஆற்றுத் தண்ணீர் கொட்டியதாம்.

 தையல்காரி அன்றே வண்டி பிடித்து மூட்டை முடிச்சை ஏற்றினாள். வாசலைத் தாண்டும்போது வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "போறோம்."

பின்னால் வந்த மகள், புத்தகப்பையை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் திரும்பி நின்றாள். அம்மாவே தப்பாகச் சொல்கிறாளே என்று அவளுக்கு ஒரே குஷி.

"போயிட்டு வரேன்!"

"சரி" என்றது உள்ளே.

தலையில் அடித்துக்கொண்டாள் தையல்காரி. இப்படியே போனால் கிழவருக்கு ஆனதுதான் மகளுக்கும். சொன்னபடி வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாதா? மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். தாழ்வறைக் கதவைத் திறந்து, "வந்துட்டோம். பாத்துக்க" என்றாள். இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மகள் ஓரடி உள்ளே வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

இழுத்தாள், உலுக்கினாள், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். வண்டிக்காரனிடம் கடப்பாரை இருக்கும். ஓடப்போனாள்.

"அம்மா, எங்க போற?"

"இரு, வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டே ஓடினாள்.

வண்டிக்காரன் நாலே குத்தில் கதவைப் பெயர்த்தான். அறை காய்ந்து கிடந்தது. மகள் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு, தோளில் பை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை.

கதவின் உள்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

 தையல்காரி மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். அத்தனை வருஷத்தில், அந்தக் கதவுக்கு முன்னால் 'இரு, வரேன்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான்.

கடைசிப் படியில், தையல்காரியின் தொங்கிய இடது கையைப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை பற்றியது. சில்லென்று, ஈரமாக.

"வந்துட்டியாம்மா" என்றது. "போலாமா?"