மூன்று நிமிடத்தில் மிச்சம்

இன்றைக்கும் மழை வந்தால் அவளுக்கு அந்த நகராட்சிக் கட்டடத்தின் தாழ்வாரம்தான் முதலில் ஞாபகம் வரும். நனைந்த குடைகளின் வாசனை... ஆடுகிற கால் உள்ள மர பெஞ்சு... சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்... அப்புறம் அந்தக் குரல்.

"ஏங்க... உங்க குடை என் மேல அழுதுக்கிட்டு இருக்கு."

திரும்பினாள். ஒல்லியாக ஒருவன். காதில் செருகிய பென்சில். மடியில் சுருட்டிய வரைபடத்தைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டிருந்தான்.

"அச்சச்சோ... கவனிக்கலைங்க!" குடையை வெடுக்கென்று இழுத்தாள். இழுத்த வேகத்தில் மிச்சத் தண்ணீரும் அவன் சட்டையில் தெறித்தது.

"போச்சு. கட்டறதுக்கு முன்னாடியே கட்டடம் ஒழுகுதுன்னு சொல்லிடுவாங்க."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் நாள் முழுக்க இருமலும் தும்மலும்தான் கேட்கும். சிரிக்க வைக்கிற ஆள் அபூர்வம்.

அவள் கையில் நான்கு பக்கம் எழுதிய காகிதம் இருந்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

"இதை முழுசும் படிக்கப் போறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"மூணு நிமிஷம்தான் தருவாங்க. அப்புறம் மணி அடிச்சிடுவாங்க."

"பாதியில இருந்தா?"

"பாதியிலேயே உட்காரணும். போன தடவை ஒரு பெரியவர், குழுவுல இருந்த ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வணக்கம் வச்சார். முடிக்கறதுக்குள்ள மணி. அத்தோட சரி, போயிட்டு வரேன்னு கிளம்பிட்டார்."

யார் வேண்டுமானாலும் கட்டடக் குழுவின் முன்னால் பேசலாம், பெயர் மட்டும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்ததைப் பார்த்து வந்தவள் அவள். எதிர்த்து ஒருவர், ஆதரித்து ஒருவர். மணியைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி மாடி எழுப்பப் போறாங்க. எங்கம்மாவால நடக்க முடியாது. அவங்க ரூமுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் இருட்டாயிடும்..." காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "நான் பேசறதை வச்சுத்தான் எல்லாம். எனக்கு நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கே ஒட்டிக்கும்."

அந்தக் கண்களில் மழை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததுபோல அவனுக்குத் தோன்றியது. பாவம் என்று நினைத்தான். பாவம் என்று மட்டும்தானா நினைத்தான்? அதை அவன் பிற்பாடுதான் யோசித்தான்.

"இப்படிக் கொடுங்க." பென்சிலை எடுத்தான். கட்டடம் வரைகிற அலுவலகத்தில் வேலை என்பதால் இந்தக் கூட்டங்கள் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. "நாங்க காலங்காலமா இருக்கோம்... இது எடுபடாது. அடிங்க. அவங்க நல்லவங்களே இல்ல... ஐயோ, இதைச் சொல்லவே கூடாது. வெளிச்சம், காத்து, சத்தம், வண்டி நெரிசல். இதுங்கதான் அவங்க காதுல விழும். முதல் வரியிலேயே விஷயத்தைப் போட்டு உடைச்சிடணும். நன்றி கின்றியெல்லாம் கடைசியில, நேரம் இருந்தா."

"அப்புறம்?"

"வரைபடத்தைப் பார்த்தீங்களா? அதுல என்ன இருக்குன்னு பார்க்காதீங்க. என்ன இல்லைன்னு பாருங்க. இருக்கறது ஒண்ணு அதுல இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா, குழு நேர்ல வந்து பார்த்தே ஆகணும்."

அவள் விழிகள் சட்டென்று விரிந்தன. கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் நேரம் சொல்ல, அவள் மறுபடி மறுபடி பேசிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவன் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டான்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"நானும் மாடிதான். எங்க அண்ணனுக்குக் குழந்தை பிறக்கப்போகுது, ரூம் போதலை. எதிர்த்து யாரோ பேர் கொடுத்திருக்காங்க. யாருன்னு தெரியும்... எதிர்க்கடை சைக்கிள்காரர். அவருக்கும் எங்கப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். இன்னிக்குப் பாருங்க, கிழிச்சுத் தொங்க விடறேன்!"

அன்று தாழ்வாரத்தில் இருந்த பாதிப் பேர் மாடி விஷயமாக வந்தவர்கள்தான். அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவன் வரைந்த வரைபடத்தில் பின்பக்கம் வெறும் சுவர்தானே.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"அடுத்தது ரொட்டிக்கடை மேல்மாடி," என்றார் தலைவர். "எதிர்த்துப் பேசுபவர் வரலாம்."

அவள் எழுந்தாள். அது அவன் வீட்டு மாடியாயிற்றே, அவனும் கூடவே எழுந்தான்... 'ஐயோ, இந்தப் பொண்ணு தப்பா எழுந்துட்டாளே' என்று கையைக்கூட நீட்டினான். அவளோ நேராக ஒலிபெருக்கிக்குப் போய்விட்டாள்.

"இந்த வரைபடத்துல எங்கம்மாவோட ஜன்னல் இல்லைங்க."

முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டாள்.

அவனுக்குக் காது அடைத்தது. பின்வீட்டுச் சுவரைத் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்துத்தான் வரைந்திருந்தான். மாடியில் நிறுத்தியிருந்த தங்கள் கடையின் பெரிய பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை. வெறும் சுவர் என்று ஒரு கோடு இழுத்துவிட்டான். தொழில்காரன் செய்யக்கூடாத தப்பு. அவன் முறை வந்தபோது ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மணிக்கு வேலையே வைக்காமல் உட்கார்ந்தான்.

நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

தாழ்வாரத்தில் அவளை மறித்தான். "எங்கிட்டயே பாடம் படிச்சுட்டு, எம் மேலயே பாய்ஞ்சிட்டீங்களே!"

"நீங்கதான் ரொட்டிக்கடைன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? உங்க மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கா?"

"வரைஞ்சது நான்தாங்க. ஊருக்கு முன்னாடி என் மானம் போச்சு."

"ஒரு கோட்டுல எங்கம்மாவைக் காணாம அடிச்சிட்டீங்க... உங்களுக்கு மானம் போச்சாம்!" சொல்லிவிட்டு விடுவிடுவென்று மழையில் இறங்கிப் போனாள். குடையை பெஞ்சிலேயே மறந்துவிட்டாள்.

வீட்டில் அவனுக்கு அர்ச்சனை காத்திருந்தது. "எதிராளிக்கு டியூஷன் எடுத்துட்டு வந்திருக்கான் நம்ம பென்சில்!" என்று அப்பா அடுப்படி அதிரக் கத்தினார். "ஒரு செங்கல்கூட மாத்த மாட்டேன். மாத்தினா நாம தோத்தோம்னு அர்த்தம்." அவனுக்கும் அதே வீம்புதான் இருந்தது. குடையை மட்டும் விரித்துக் காயவைத்தான்.

குழு பார்வையிட வந்த நாளில் நல்ல வெயில். அங்கே ஒரு விதி உண்டு. இடத்தைப் பார்க்க வரும்போது இரு தரப்பாரும் கூட இருக்கலாம், ஆனால் குழுவிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அளந்து காட்டுகிற அதிகாரி மட்டும்தான் பேசுவார். ஆகவே அந்தச் சின்ன அறையில் அவன் ஜன்னலோரமும் அவள் கதவோரமும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பேச முடியாத கோபத்தை எல்லாம் கண்களே பேசித் தீர்த்தன... முறைத்தாள். முறைத்தான். அவள் வேறு பக்கம் திரும்பினாள். அவனால் திரும்ப முடியவில்லை.

சக்கர நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு விதி தெரியாது.

"தம்பி... கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. வெயிலை மறைக்கிறே."

அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய நிழல் அந்த அம்மாவின் மடி முழுக்க விழுந்திருந்தது. பதறிப்போய் விலகினான். வெயில் மறுபடி வந்து அந்த வற்றிய கைகள் மேல் உட்கார்ந்தது. அம்மா விரல்களை விரித்து, மடக்கி, சூடு காட்டிக்கொண்டாள்.

"நீ ரொட்டிக்கடைப் பிள்ளைதானே? காலையில உங்க அடுப்பு வாசனை வந்தாத்தான் எனக்கு விடியும். நல்லா இருப்பா."

மன்னிச்சிடுங்கம்மா என்று தொண்டை வரை வந்தது. குழு நின்றுகொண்டிருந்தது. விதி. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். கதவோரம் நின்றவள் அவன் கண்கள் கலங்கியதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய கோபம் அந்த இடத்திலேயே தரைதட்டி நின்றுவிட்டது.

அதன்பின் அவன் வரைந்தான், அழித்தான், வரைந்தான். பின்பக்க அறையை உள்ளே தள்ளி, ஜன்னலுக்கு நேரே திறந்த மாடியாக விட்டான். பெயர்ப்பலகையைக் கழற்றி முன்பக்கம் மாட்டினான். அண்ணனுக்குத்தான் அறை சின்னதாகிப்போனது. அண்ணி வரைபடத்தைப் பார்த்துவிட்டு மாமனாரிடம் போனாள். "மாமா, குழந்தை துணி காயவும் வெயில் வேணும்ல? எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு." மருமகள் கேட்டால் அப்பாவுக்கு வீம்பாவது ஒன்றாவது!

இரண்டாவது கூட்டத்திலும் மழை. அவன் புதிய வரைபடத்தை விரித்து, ஒரு மூலையில் விரலை வைத்தான். "இது அவங்க அம்மாவோட ஜன்னல். போன தடவை நான் விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்." அவ்வளவுதான் சொன்னான்.

"எதிர்த்துப் பேசுபவர்?"

அவள் எழுந்தாள். "எதிர்ப்பு எதுவும் இல்லைங்க."

"உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கே அம்மா?"

"மிச்ச நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாமுங்களா?"

"விதியில் இடமில்லை," என்றார் தலைவர். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தக் கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் கூட்டத்தில் மணி அடிப்பதில்லையாம், விளக்கு எரிகிறதாம். ஆனால் அன்றைய தாழ்வாரம் அவளுக்குள் அப்படியேதான் இருக்கிறது... அந்த பெஞ்சு, அந்தக் கடிகாரம், அவளுடைய குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவன்.

"குடை... உங்களுது."

"குடை இருக்கட்டும். உள்ள மிச்சம் வச்ச நேரம் எங்கிட்டதான் இருக்கு. உங்களுக்குத் தரேன். பேசுங்க." கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அவன் திணறினான். "வந்து... முதல்ல உங்களுக்கு நன்றி... அப்புறம் அம்மாவுக்கு..."

"நன்றியெல்லாம் கடைசியில! முதல் வரியில என்ன செய்யணும்?"

காதிலிருந்த பென்சிலை எடுத்தான். மறுபடி காதிலேயே வைத்தான். மழை சற்று ஓய்ந்ததுபோல இருந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்கு. குடைத் தண்ணி மேல விழுந்தப்பவே பிடிச்சுப்போச்சு."

அவள் முகம் சிவக்கத் தரையைப் பார்த்தாள். டிக்... டிக்... அவனுக்கு உயிரே போய்வந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன்... ஆட்சேபணை இருந்தாலும் பரவால்ல."

"இந்த விஷயத்தையெல்லாம் நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம்." கண்களை மட்டும் உயர்த்தினாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அம்மா அன்னைக்கே கேட்டாங்க... நல்ல பிள்ளையா இருக்கானே, ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்னு."

"இந்தத் தடவை பேசலாமா?"

"பேசலாம்," என்றாள். "நானும் பேசணும். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லலை."