கேட்காமல் அழித்துவிடவும்

ஆம்பல் நகரில் பல் துலக்கி முடித்ததும் எல்லோரும் செய்கிற அடுத்த வேலை, இடது காதிலிருந்து செவிமணியைக் கழற்றித் துடைத்து மறுபடி உள்ளே தள்ளிக்கொள்வது. அரிசி அளவே இருக்கும் அந்தக் கருவி இல்லாமல் நிலவின் தென்முனையில் யாரும் வேலைக்குப் போக முடியாது. கதவு திறக்காது. காப்பி வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தின் பொதுக்குரல் காதில் விழாது.

அந்தப் பொதுக்குரல் சுகந்தியின் பொறுப்பு. பனிப்பாறையை வெட்டி நீராக்கி விற்கும் அந்த நிறுவனத்தில் பதினோராயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேருடைய குரல்பெட்டிக்கும் ஒரே நொடியில் ஒரு செய்தியைக் கொண்டு சேர்ப்பது விளையாட்டுக் காரியமா? எது யாருக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும், யார் அனுமதிக்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டவள் அவள்தான். ஒருமுறை சமையற்கூடத்து ஆள் ஒருவர் எப்படியோ உள்ளே புகுந்து, தன் மைத்துனரைத் திட்டியதை ஊருக்கே ஒலிபரப்பிவிட்டார். அதன் பிறகு சுகந்தி போட்ட பூட்டுகளைப் பார்த்து வங்கிக்காரர்களே பொறாமைப்பட்டார்கள்.

தினமும் காலையில் சுகந்தியும் அவளுடைய சகா பர்வீனும் தங்கள் குரல்சாவியைக் கொடுத்தால்தான் பொதுக்குரல் விழிக்கும். எந்தச் செய்தியும் முதலில் மாதிரிப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் அவர்கள் குறை ஏதும் சொல்லாவிட்டால் செய்தி சரியாக இருக்கிறது என்று பொருள். அது தானாகவே நண்பகல் வரிசையில் ஏறிவிடும். ஏறிய செய்தியை யாராலும் இறக்க முடியாது. துறைத்தலைவர்கள் ஒருவர் அறிவிப்பை ஒருவர் நிறுத்தி விளையாடியதால் வந்த விதி அது. நிறுவனத் தலைவர் அருள்தாஸே வந்து நின்றாலும் முடியாது என்று அவளே தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

மாதிரிப் பட்டியலில் ஆரம்பத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். வேலை அதிகம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் மிஞ்சியது ஒருவன்தான். குழாய்ப் பிரிவுப் பொறியாளன் நன்மாறன். அவன் எல்லா அறிவிப்பையும் முழுசாகக் கேட்பான். "ரெண்டாவது வாக்கியத்துல மூச்சு வாங்குறீங்க, தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க" என்று பதில் அனுப்புவான். கழிவுநீர்த் தொட்டி பற்றிய அறிவிப்புக்குக்கூட, "நல்லா இருந்துச்சு" என்று சொன்ன ஒரே ஆண்மகன் அவன். சுகந்தி எட்டு மாதத்துக்கு முன்பே பதினோராயிரம் பேருக்காகப் பேசுவதை விட்டுவிட்டாள். அந்த ஒருவனுக்காகவே பேசினாள். அது அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

முந்தின நாள் மாலை உணவகத்தில் அவன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"எனக்குச் செவ்வாய்க்கு மாற்றல் வந்திருக்கு. அஞ்சு வருஷம். நாளைக்குக் கப்பல். போகணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

"நான் சொல்றதா?"

"நீங்க சொன்னா கேப்பேன்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் சுகந்தி. ஊருக்கே பேசுகிறவளுக்கு எதிரில் இருக்கும் ஒருவனிடம் பேச வரவில்லை.

காலையில் ஒலிப்பதிவு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். "போகாதீங்க நன்மாறன். நீங்க போயிட்டா நான் பேசுறத யாரு கேப்பா? தலைவர் குரல்ல வர்ற அறிவிப்பைச் சரிபார்க்கும்போது எனக்குத் தூக்கம் தூக்கமா வரும். நீங்க கேக்கப் போறீங்களேன்னுதான் முழிச்சிருப்பேன். உங்க மூக்கு மேல இருக்குற மருகூட எனக்குப் பிடிக்கும்." இன்னும் என்னென்னவோ சொன்னாள். பிறகு அவனுக்கு அனுப்பிவிட்டு, கன்னம் சூடாக வெளியே வந்தாள்.

பதினொன்றரை மணிக்கு நண்பகல் வரிசையைத் திறந்து பார்த்தவளுக்குக் கன்னத்தில் இருந்த சூடெல்லாம் எங்கோ போய்விட்டது. அவள் விரல் அவன் பெயரை எட்டு மாதமாக ஒரே இடத்தில்தான் தேடிப் பழகியிருந்தது. இன்றும் அங்கேதான் போயிருக்கிறது. காதல் செய்தி, மாதிரிப் பட்டியலுக்குப் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, குறை சொல்ல ஆளில்லாமல், 'பொதுக்குரல்: நண்பகல் அறிவிப்பு' என்ற கம்பீரமான தலைப்போடு வரிசையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"பர்வீன், இத எப்படிடி இறக்குறது?"

"இறக்க முடியாதே. நீதானே விதி போட்ட?" பர்வீன் எட்டிப் பார்த்தாள். "ஏன், என்ன தப்பு?"

சுகந்தி சொன்னாள். பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினாள்.

"சிரிக்காத. அவரு ஏன் கேக்கல? கேட்டிருந்தா தடுத்திருப்பாரே."

"அவரு ஒன்பது மணிக்கே புறப்பாட்டுக் கூடத்துக்குள்ள போயிருப்பாரு. அங்கதான் சொந்தச் செய்தியெல்லாம் நிறுத்திடுவாங்களே."

அது உண்மைதான். கடைசி நேரத்தில் வீட்டாரின் அழுகுரலைக் கேட்டுப் பயணிகள் இறங்கி ஓடிவிடுவதால், புறப்பாட்டுக் கூடத்தில் தனிச்செய்திகளுக்கு அனுமதி இல்லை. மாதிரிச் செய்தியும் தனிச்செய்தியாகவே கருதப்படும். வழியனுப்புகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே நுழைவது நிறுவனத்தின் பொதுக்குரல் ஒன்றுதான்.

நண்பகல் ஆயிற்று. செய்தி போயிற்று. சுகந்தி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பதில்கள் வரத் தொடங்கின. பர்வீன் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"'கேட்டோம். பயனுள்ள தகவல். நன்றி.' இது கணக்குப் பிரிவு. 'உடனே நடைமுறைப்படுத்துகிறோம்.' இது பாறை வெட்டுறவங்க."

"எதை நடைமுறைப்படுத்துறாங்களாம்?"

"இரு. தலைவரே அனுப்பியிருக்காரு. 'மிகத் தெளிவான அறிவிப்பு. பாராட்டுகள். அருள்தாஸ்.'"

சுகந்தி மேசைக்கு அடியிலிருந்து மெல்லத் தலையை நீட்டினாள். "தூங்கித் தூங்கி விழுவேன்னு சொன்னதுக்குப் பாராட்டா?"

"அசடு. இதெல்லாம் அவங்களா போடுறாங்க? செவிமணிக்குள்ள இருக்குற காதுக்காரியதரிசி போடுது. பொதுக்குரல்னு தலைப்பு வந்தாலே அது தானா நன்றி சொல்லி அனுப்பிடும். யாரு உக்காந்து கேக்குறா?"

"நீ கேப்பேல்ல?"

பர்வீன் கூரையைப் பார்த்தாள். "பக்கத்து நாற்காலியிலயே உக்காந்திருக்கேன். அப்புறம் தனியா வேற கேக்கணுமா?"

இத்தனை வருடம் இரண்டு சாவி, மாதிரிப் பட்டியல், இறக்க முடியாத வரிசை என்று பூட்டிப் பூட்டிக் காத்தது, யாருமே திறந்து பார்க்காத பெட்டியை. சுகந்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மானம் தப்பியது என்பது மட்டும் உறைத்தது. மேசைக்கு அடியிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

அப்போது இன்னொரு பதில் வந்தது. நன்மாறன், புறப்பாட்டுக் கூடம். 'கேட்டேன். பயனுள்ள தகவல். நன்றி.'

மாதிரியிலேயே கேட்டுவிடுவதால் பொதுக்குரலை அவன் இரண்டாம் முறை கேட்பதில்லை. அவனுடைய காதுக்காரியதரிசியும் மற்றவர்களுடையதைப் போல நன்றி சொல்லிவிட்டது. அவன் காதுக்குள் அவள் குரல் கிடக்கிறது. தொட்டால் பேசும். அவன் தொடப் போவதில்லை. மூன்று மணிக்குக் கப்பல்.

"இன்னொரு பொதுக்குரல் அனுப்பு. 'முந்தின செய்தியக் கேளுங்க'ன்னு" என்றாள் பர்வீன்.

"அதுக்கும் நன்றி சொல்லிட்டுப் போயிடும்." சுகந்தி நகத்தைக் கடித்தபடி நடந்தாள். திடீரென்று நின்றாள். "காதுக்காரியதரிசி தலைப்பை மட்டும் காதுல சொல்லும் இல்ல?"

"ஆமா."

"அப்ப கேக்கச் சொல்லக்கூடாது."

அவசரத் திருத்தத்துக்கு மாதிரிப் பட்டியல் தேவையில்லை. இரண்டு சாவி போதும். சுகந்தி தலைப்பை எழுதிக் காட்டினாள். 'நண்பகல் அறிவிப்பு தவறுதலாக வந்துவிட்டது. ஒருவருடைய சொந்த விஷயம். தயவுசெய்து கேட்காமல் அழித்துவிடவும்.'

பர்வீன் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஊரே கேக்கும்டி. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுக்கிட்டே இருந்தா அவரு செவ்வாய்க்குப் போயிடுவாரு. சாவி குடு."

அதுவரை பாறை வெட்டும் இயந்திரங்களின் உறுமல் ஆம்பல் நகரில் நின்றதே இல்லை. அன்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. உணவகத்தில் கரண்டிச் சத்தம் அடங்கியது. நகரமே இடது காதில் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல், முகத்தை மிகவும் யோக்கியமாக வைத்துக்கொண்டது.

சுகந்தி புறப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினாள். வழியெல்லாம் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி கைப்பையைத் திறந்து சீப்பை நீட்டினாள். வாசலில் இருந்த காவலர், பெற்ற மகளையே உள்ளே விடாதவர் என்று பெயர் எடுத்தவர். இன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடும்மா. வரிசை நகர ஆரம்பிச்சிருச்சு."

வரிசையின் நடுவில் நன்மாறன் பையோடு நின்றிருந்தான். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சுகந்தி. எல்லாரும் ஏன் என்னையே பாக்குறாங்க? சட்டையில ஏதாவது ஒட்டியிருக்கா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "செய்தி... கேட்டீங்களா?"

"அந்தத் தப்பா வந்ததா? அழிச்சிட்டேன். கேக்க வேணாம்னு சொல்லியிருந்துச்சே. யாரோட சொந்த விஷயமோ, பாவம்."

வரிசையில் ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் பாவம் நீதான்."

"உங்களப் போக வேணாம்னு சொல்லுது இந்தப் பொண்ணு" என்றாள் அவருக்குப் பின்னால் நின்றவள். "நீங்க இல்லன்னா தான் பேசுறத யாரு கேப்பான்னு கேட்டுச்சு. எனக்கு மனசே தாங்கல, மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டேன்."

"மூக்கு மேல மரு, அத விட்டுட்டீங்களே" என்று இன்னொருவர் எட்டிப் பார்த்து, மரு இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

நன்மாறன் சுகந்தியின் பக்கம் திரும்பினான். "இவங்க சொல்றதெல்லாம்..."

"அப்படியேதான்."

"நீங்க சொல்லுங்க. நான் மட்டும்தான் இன்னும் கேக்கல."

சுகந்தி வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் அவசரமாகக் கூரையையும் காலணியையும் பார்த்தார்கள். அவள் அவன் அருகே போய், ஒலிப்பதிவு அறை இல்லாமல், பூட்டு ஏதும் இல்லாமல், காலையில் சொன்னதை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். நன்மாறன் வழக்கம்போல முழுசாகக் கேட்டான். பிறகு பையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தான்.

மறுநாள் தலைவர் அருள்தாஸ் சுகந்தியை அழைத்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"என் அறிவிப்பைக் கேட்டா தூக்கம் வருதாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது கிடக்கட்டும். நேத்து பதினோராயிரம் பேரும் கேட்டிருக்காங்க. இந்த நிறுவனத்துல இதுவரைக்கும் நடக்காதது. நாளைக்குக் காற்றுக்கசிவுப் பயிற்சி. எத்தனை வருஷமா கத்துறேன், கையில எண்ணுற ஆளுங்கதான் வர்றாங்க. என் அறிவிப்புக்கும் அதே தலைப்பைப் போட்டுடுங்க."

போட்டாள். சொல்லி வைத்தாற்போல அடுத்த நாள் காலை மைதானம் நிரம்பி வழிந்தது. முகமூடியும் கையுமாக வந்தவர்கள், யாரிடமும் சொல்லிவிடாதே என்று ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்தபடி வரிசையில் நின்றார்கள். அருள்தாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைகளை எண்ணி முடித்த பர்வீன், சுகந்தியின் தோளைத் தட்டினாள்.

"எல்லாரும் வந்தாச்சு. ஒரே ஒரு ஆளு குறையுது."

சுகந்தி பெருமூச்சு விட்டாள். இன்னொரு முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழாய்ப் பிரிவுக்கு நேரிலேயே போய்க் கூட்டிவரக் கிளம்பினாள்.