விசிறி இல்லாத கார்டு

"அது கார்டுங்க... தங்கம் இல்ல."

குரல் கேட்டு அவள் நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்த வெர்னியர் காலிப்பரின் தாடைகளுக்கு நடுவே ஒரு கிராபிக்ஸ் கார்டு மாட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். வெளிச்சம் நேராக அவள் முகத்தில் அடித்தது.

"கண்ணு கூசுது," என்றாள்.

"ஐயோ, சாரி."

விளக்கை அணைத்தான். அதன் பிறகுதான் அவன் கண்கள் தெரிந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கண்கள்... தூக்கம் போதாத கண்களும்கூட.

"அறுபத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல இருந்தா என் பெட்டிக்குள்ள போகாது," என்றாள் அவள். காலிப்பரைப் பைக்குள் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை அவளுக்கு. எதையும் அளந்து பார்த்தே பழகிவிட்டாள். மனிதர்களைத்தான் அளக்க வரவில்லை. அதனால் பேச்சும் குறைவு. தெருக்கோடியில் இருந்த பெரிய கடைக்குத்தான் கிளம்பியிருந்தாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை. கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் ஒதுங்கினாள். அது இந்தக் கடை.

"எதுக்குக் கார்டு?"

"வீட்ல படம் பார்க்கற கம்ப்யூட்டருக்கு. டிவிக்குக் கீழ வைக்கிற ஒல்லிப் பெட்டி. இருந்த கார்டு போயிடுச்சு." பையிலிருந்து பழைய கார்டை எடுத்து வைத்தாள். அதன் விசிறியின் ஒரு இதழ் நுனியில் உடைந்திருந்தது.

"கேம் ஆடுவீங்களா?"

"இல்ல."

"எடிட்டிங்?"

"படம் மட்டும்தான்."

"அப்போ பெரிய கார்டெல்லாம் தண்டம். புது வீடியோவைத் திக்காம ஓட்டணும், டிவிக்குப் படத்தோட சத்தமும் போகணும், தனியா ஒரு கரண்ட் வயர் கேக்கக் கூடாது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது."

"விலையைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே."

"முகத்துல தெரிஞ்சுது."

"என் முகத்துல விலைச்சீட்டு ஒட்டியிருக்கா?"

கேட்ட பிறகுதான், தானா இப்படிக் கேட்டது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. பில் போடும் மேசையில் இருந்த அக்கா தலையைத் தூக்காமலே சிரித்தார். கடைக்குச் சொந்தக்காரி அவர்.

"நல்லா வாங்கினியா தம்பி? வேலையைப் பாரு."

அவன் ஒரு அட்டைப்பெட்டியைத் தேடியெடுத்தபடியே கேட்டான். "எத்தனை பேர் உக்காந்து பாப்பீங்க?"

"ஏன்... ஆளுக்கு ஒரு கார்டா?"

"கூட்டமா இருந்தா தள்ளி உக்காருவீங்க, நீங்களே சளசளன்னு பேசிட்டிருப்பீங்க. ஒருத்தர் ரெண்டு பேர்னா கிட்ட உக்காருவீங்க. பெட்டியோட இரைச்சல் காதுல விழும். அதுக்குத்தான்."

அவள் மேசையின் கீறலைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்," என்றாள்.

பொய். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை... வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்போ இதான் உங்க கார்டு." அவன் பெட்டியைத் திறந்தான். கார்டின் முதுகு முழுக்க அலுமினியத் தகடுகள் வரிசையாக நின்றன. "விசிறியே கிடையாது. சூட்டை இந்தத் தகடே வாங்கிக்கும். படத்துல ஒருத்தர் மூச்சு விட்டாக்கூட உங்களுக்குக் கேக்கும். இருங்க, டெஸ்ட் பண்ணித் தரேன். பத்து நிமிஷம்."

"இவன் பேரே பத்து நிமிஷம்தான்மா," என்றார் அக்கா. "ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு படத்தைப் போடுவான். பத்தாவது நிமிஷம் நிறுத்திடுவான். கேட்டா, டெஸ்ட் முடிஞ்சுதும்பான்."

"இருநூறு படத்தோட ஆரம்பம் தெரியும் எனக்கு," என்றான் அவன். "ஒண்ணோட முடிவும் தெரியாது."

"வீட்டுக்குப் போய்ப் பாக்கலாமே?"

"ரூம்ல நாலு பேரு, நாலு ஷிஃப்ட். எப்பப் பாத்தாலும் யாராவது ஒருத்தர் தூங்கிட்டிருப்பாங்க." திருகாணியைத் திருகினான். பிறகு, அவளிடம் சொல்வது போலவும் இல்லாமல், "தனியா முடிவு வரைக்கும் பாத்து என்ன பண்ண... அப்புறம் அதைப் பத்திப் பேச ஆள் வேணாமா," என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை... அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

சின்னத் திரையில் படம் ஓடியது. ஒரு பெண் ரயிலிலிருந்து இறங்குகிறாள். அவளுடைய மஞ்சள் குடை இருக்கையிலேயே கிடக்கிறது. எதிரே இருந்தவன் அதை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான்... ரயில் நகர்ந்துவிடுகிறது. அங்கே கடைக்காரப் பையன் படத்தை நிறுத்தினான்.

"குடை என்ன ஆச்சு?" என்றாள்.

"தெரியாது. இந்தக் கடையில யாருக்கும் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். மழை எப்போது விட்டது என்று தெரியவில்லை. பழைய கார்டை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

வீட்டில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கார்டைத் தானே மாட்டினாள். படம் பளிச்சென்று வந்தது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு இரைச்சல் இல்லை.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெட்டியை அப்பாதான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு நாற்காலி, ஒரு படம்... பாதிப் படத்தில் அப்பா தூங்கிப்போவார். உடைந்த இதழோடு விசிறி "உர்ர்... டிக், உர்ர்... டிக்" என்று சுற்றிக்கொண்டிருக்கும். அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆயிற்று. அதன் பிறகும் வேலையிலிருந்து வந்ததும் அவள் அந்தப் பெட்டியைத்தான் முதலில் போடுவாள். படம் பார்ப்பதற்காக அல்ல. அடுத்த அறையில் சமைக்கும்போது அந்த "டிக்" கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் யாரோ இருப்பது போல...

இப்போது ஃபிரிட்ஜ் நின்றால் தன் மூச்சே தனக்குக் கேட்டது.

கைபேசி அடித்தது. வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணன்.

"என்ன முடிவு பண்ணின? மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இங்க ஒரு ரூம் காலியாத்தான் கிடக்கு. அண்ணியும் கேட்டுட்டே இருக்கா. அந்த வீட்ல ஒத்தையா உக்காந்து சுவரைப் பாத்துட்டிருக்கப் போறியா?"

"சுவரைப் பாக்கல. டிவி பாக்கறேன்."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்ணா."

அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. இந்த அமைதியில் இருக்கவும் முடியவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

நாலாம் நாள் பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"கார்டை மாத்தணும். விசிறி வச்சதா குடுங்க. இது ரொம்பச் சூடாகுது... எழுபத்தெட்டு டிகிரி," என்றாள். மூச்சு வாங்கியது.

அவன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். பிறகு அது போய்விட்டது. தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கார்டு... "பாக்கறேன். உக்காருங்க," என்றான்.

ஒன்றரை மணி நேரம் ஓட விட்டான். பெட்டியை மூடி வைத்துப் பார்த்தான், திறந்து வைத்துப் பார்த்தான். அவள் மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்த காலிப்பரை எடுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அறுபத்தொண்ணைத் தாண்டல," என்றான் கடைசியில்.

அவள் காது மடல் சிவந்தது. ஆய்வகத்தில், பார்க்காத அளவை நோட்டில் எழுதுகிற மாணவர்களை அவள் எத்தனை முறை பிடித்திருக்கிறாள்...

"நீங்க வெர்னியர் வச்சு அளக்கற ஆளு. பதினேழு டிகிரி தப்பா படிக்க மாட்டீங்க." அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "வீட்ல அவருக்குக் கார்டு பிடிக்கலைன்னா அப்படியே சொல்லலாமே. மாத்திக் குடுத்திருப்பேன்."

"எவருக்கு?"

"ரெண்டு பேர்னு சொன்னீங்களே... உங்க வீட்டுக்காரர்."

அவள் எழுந்துவிட்டாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது, சொல்ல நினைக்காத ஒருவனிடம் வந்து விழுந்தது.

"அந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன். கார்டுல குறை ஒண்ணும் இல்ல. அது பேசாம இருக்கு... அதான் குறை. வீட்டுக்குள்ள வந்தா எதாவது ஒண்ணு சத்தம் போடணும் எனக்கு. இதைக் கடையில வந்து எப்படிக் கேக்கறது?"

பெட்டியையும் விட்டுவிட்டு, முக்காலியில் வைத்த காலிப்பரையும் விட்டுவிட்டு, மழைக்குள் இறங்கிப் போனாள். பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"போடா, உன் டிகிரியும் நீயும்."

மூன்று நாள் அவள் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். வெட்கம். வெட்கத்துக்குக் கீழே இன்னொன்று... அவன் தூக்கம் போதாத கண்கள். அண்ணனுக்கு "வரேன்" என்று நான்கு முறை தட்டச்சு செய்து நான்கு முறையும் அழித்தாள்.

சனிக்கிழமை புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்... கார்டு கடை. பில்லுல உங்க நம்பர் இருந்துது." "உங்க வெர்னியர் இங்க இருக்கு. பெட்டியும் ரெடி. நாளைக்கு மதியம் வர முடியுமா? கடை லீவுதான். அக்கா வந்து திறக்கறேன்னாங்க... கணக்குப் பாக்கணுமாம்."

"எனக்கு ஒரு கணக்கும் இல்ல," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "உங்களுக்காகத்தான் திறக்கறேன், வாம்மா."

ஞாயிறு மதியம் கடையில் பாதி விளக்குதான் எரிந்தது. அக்கா வாசல் பக்கம் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மேசையில் அவளுடைய பெட்டி. அவன் நெற்றியில் விளக்கில்லை. தலையை வாரியிருந்தான். அது வாரிப் பழக்கமில்லாத தலை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

"நானும் எழுபத்தெட்டுன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"போட்டுப் பாருங்க."

பொத்தானை அழுத்தினாள்.

உர்ர்... டிக். உர்ர்... டிக்.

அவள் அப்படியே நின்றாள்.

பெட்டியின் பக்கவாட்டுத் துளைகள் வழியே பார்த்தாள். அலுமினியத் தகடுகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தகரப் பிடியில், அப்பாவின் கார்டிலிருந்து கழற்றிய விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உடைந்த இதழ் அப்படியே இருந்தது.

"பழைய கார்டுல சிப்புதான் போச்சு, விசிறி நல்லாத்தான் இருந்துது," என்றான் அவன் அவசரமாக. "இதால கார்டு ஒண்ணும் பெரிசா குளிராது. சத்தத்துக்காக மட்டும்தான் வச்சேன். புது இதழ் ஒட்டலாம்னு முதல்ல எடுத்தேன்... அப்புறம் அந்த டிக்கைக் கேட்டேன். அதைச் சரி பண்ணக் கூடாதுன்னு தோணுச்சு. தப்பா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தேங்கியது வழிய வேண்டாம் என்று இமைக்காமல் நின்றாள். அவன் மேசைத் துணியை நீட்டினான். அதில் கிரீஸ் கறை இருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"டெஸ்ட் பண்ணலையா?" என்றாள்.

அவன் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டான். திரையில் அந்தப் பெண் ரயிலிலிருந்து இறங்கினாள். குடை கிடந்தது. எதிர் இருக்கைக்காரன் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ரயில் நகர்ந்தது... பழக்க தோஷத்தில் இவன் கை விசைப்பலகைக்குப் போனது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த பிறகு விடத் தெரியவில்லை. அவனும் எடுக்கவில்லை. படம் பதினோராவது நிமிஷத்துக்குள் போனது. அவனுக்குத் தெரியாத இடம். திரையின் வெளிச்சத்தில் அவன் கண்கள் சின்னப் பிள்ளையின் கண்கள் போல விரிந்திருந்தன. வெளியே மழை தொடங்கியது. பெட்டிக்குள் விசிறி அதுபாட்டுக்குச் சுற்றியது.

"எங்க அண்ணன் அவர் ஊருக்கே வந்துடுன்னு கூப்பிடறாரு," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே.

அவன் விரல்கள் அசைவற்று நின்றன. "எப்போ போறீங்க?"

"போகல. இன்னிக்குச் சொல்லிடுவேன்."

"சத்தத்துக்குத்தான் விசிறி வந்துடுச்சே," என்றான். சாதாரணமாகச் சொல்லப் பார்த்தான், முடியவில்லை.

"அது மட்டும் போதாது."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது அவளுக்கே கேட்டது... விசிறியையும் மீறி.

"முதல் நாள் எத்தனை பேர் பாப்பீங்கன்னு கேட்டீங்க. நான் ரெண்டு பேர்னு பொய் சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "அதை உண்மையாக்க முடியுமா... உங்களால?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அக்கா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மெல்லக் கையைத் திருப்பி, அவள் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டான்.

"எனக்கு அன்னிக்கே தோணுச்சு," என்றான். "அந்த ரெண்டாவது ஆளு யாரோ... குடுத்து வச்சவன்னு."

திரையில் எங்கோ ஒரு நிலையத்தில் மஞ்சள் குடை விரிந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். படம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.