பதினெட்டு சதவீதம்

ஏழாம் எண் டப்பா மட்டும் எடை கூடியிருந்தது.

கோமளா தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். நேற்று அளந்து போட்ட மண் சரியாக நூறு கிராம். நூற்றைந்து டிகிரியில் ஒரு பகலும் இரவும் காய்ந்ததில் மற்ற ஒன்பது டப்பாக்களும் இரண்டு மூன்று கிராம் இளைத்திருந்தன. இது நூற்றுப் பதினெட்டு. தன் கண்ணை என்றுமே நம்பாதவள், நோட்டில் மூன்று தடவை எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் வேலை பார்க்கும் அருள்புரம் கம்பெனியில் தையல் மெஷின்கள் உறைக்குள் கிடந்தன. துணியின் ஈரம் பார்க்கும் லேப் ஓவன் மட்டும் உறுமிக்கொண்டிருக்க, சாயமும் சூடான நூலும் கலந்த வாசனைக்குள் கிணற்று மண்ணின் வாசனை மெல்ல ஏறியது.

"என்ன தாயி, மண்ணு இன்னும் வேகலியா?" காவலாளி வீரணன் ஜன்னலில் சிரித்தார். "உப்பு போட்டியா?"

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மாலைக் கல்லூரிக்கான வேலை இது. வெள்ளகோவில் பக்கத்து வறண்ட விவசாயக் காடுகளில் செயற்கைக்கோள் கணிக்கும் ஈரத்தை, தரையில் எடுத்த மண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மாதம் முன்பு, வெயிலுக்குப் பயந்து, ஏழாம் இடத்துக்கு அவள் போகவேயில்லை. கணினி வரைபடத்தில் அந்தக் கட்டம், ஈரத்தைக் காட்டும் நீலமாக இருந்தது. அதை நம்பிப் பதினெட்டு சதவீதம் என்று எழுதிவிட்டாள்.

ஏழாம் இடத்துக் காட்டின் சொந்தக்காரர் மாரப்பன் அப்போது போனில் கேட்டார். "ஏனுங்க கண்ணு, நம்ம பூமியில ஈரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. பதினெட்டு."

"அப்ப கெணத்த இன்னும் ரெண்டாள் ஆழம் தோண்டிப் பாக்கறனுங்க."

மூன்றாம் நாள் கிணறு சரிந்தது. அள்ள அள்ள மண் இறங்கியது. அவரை எடுக்க முடியவேயில்லை.

நேற்று அதிகாலைதான் முதன்முதலாக அந்தக் கிணற்று விளிம்பில் நின்று மண் எடுத்தாள். விபூதிபோல் உதிர்ந்தது. உண்மையான எண்ணை எழுதி, நாளை வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்திருந்தாள்.

இப்போது தராசில் நூற்றுக்கு மேல் பதினெட்டு.

எப்படி வந்திருந்தாலும் பதினெட்டு பதினெட்டுதான்; அப்படியானால் அவள் எழுதியது சரிதான். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நோட்டை மூடினாள்.

தராசில் எண் மாறியது.

நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு. பதினேழு. பதினெட்டு.

மேஜையை யாரும் தொடவில்லை. மின்விசிறி ஓடவில்லை.

குனிந்து பார்த்தாள். மண் கறுத்து நனைந்திருந்தது. நடுவில் குழிந்தது. நிறைந்தது. குழிந்தது.

மெதுவாக. மூச்சு வாங்குவதுபோல.