நெஞ்சு உயரத்தில் காற்றில்லை

வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் ஆணை: இதில் ஒரு வரிகூடக் கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபமில்லை.

கடலோரக் கம்பத்தில், நெஞ்சு உயரத்தில் மட்டும், காற்று குறைந்தது. ஆரம்பம் அவ்வளவுதான்.

புயல் கரையேறிக்கொண்டிருந்தது. மதிய வேளை, ஆனால் வானம் அடுப்புக்கரியாகக் கிடந்தது. கடலிலிருந்து மேட்டுச் சாலை வரை வெட்டவெளியில் மூன்று கம்பங்கள். ஒவ்வொன்றிலும் உச்சியில் ஒரு கருவி, நெஞ்சு உயரத்தில் ஒரு கருவி. தரையை உரசி வரும் புயல்காற்று எப்படிக் குதிக்கிறது, எப்படிச் சுழல்கிறது, கூரையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குகிறது என்று அளப்பதுதான் அளவுக்காரரின் வேலை. ஊர் முழுக்க ஓடிவரும் திசைக்கு எதிராக வண்டி கட்டிக்கொண்டு போகிற பிழைப்பு என்பதால் வீட்டில் அவரைப் புத்தியுள்ளவராக யாரும் கருதியதில்லை.

சாலையில் நின்ற வேனுக்குள் நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் நாற்றமும் டீசல் நாற்றமும் அடைத்துக் கிடக்க, வேனின் தகரத்தை யாரோ உள்ளங்கையால் ஓயாமல் அறைவது போல மழை இறங்க, அவர் கருவிகளின் அளவு ஓடும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வண்டி ஓட்டும் மச்சினன்.

"கருவி கெட்டுப்போச்சா மாமா?"

"கெட்டா ஒரேயடியா படுத்துரும் மாப்ள. இது படுக்கல. காத்து குறைஞ்சு, கலங்கிக் கலங்கி வருது. முன்னாடி எதுவோ மறைச்சிட்டு நிக்குது."

"மாடா இருக்கும்."

"இந்தக் காத்துல மாடு நிக்குமா? உங்க அக்காவே நிக்க மாட்டா."

மச்சினன் சிரித்தான். சொன்னவர் சிரிக்கவில்லை. அந்தக் கலங்கலை அவர் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார். வெயிலில் நின்றால் நிழல் விழுவது போல, காற்றில் நிற்பவனுக்குப் பின்னால் ஒரு மறைவு விழும். ஆளுக்கு ஆள் அது மாறும். இது குள்ளமான, தோள் அகன்ற ஒருவனின் மறைவு.

அவர் தம்பி சின்னவன் அப்படித்தான் இருப்பான். கம்பம் நட்டதும் கருவிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நிற்பது அவன் வேலை. திரையில் காற்று குறைந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உடனே அண்ணன் வாக்கி டாக்கியில், "போதும், வா" என்பார். அதைக் கேட்காமல் அவன் ஓரடி நகரமாட்டான். "மரம்கூட ஆடும், நான் ஆடமாட்டேன்" என்று பெருமை வேறு.

இரண்டு புயலுக்கு முன்னால், இதே கரையில், காற்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதுவரை அவர் பார்த்தேயிராத ஒரு வேகம் உச்சிக் கருவியில் ஏறியது. அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமா அண்ணே?" என்றான் சின்னவன், வாக்கி டாக்கியில்.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தார். பதில் சொல்லவில்லை. அடுத்த கணம் கீழ்க்கருவியிலும் காற்று முழுசாக ஏறியது. மறைக்க ஆளில்லை. கடல் அவன் செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. கடைசியாக என்ன பேசினான் என்று அம்மா கேட்டாள். "ஒண்ணும் பேசலம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா அவரிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

இப்போது அவர் கை வாக்கி டாக்கியை எடுத்தது.

"யார்கிட்ட மாமா பேசப் போறீங்க?" மச்சினனின் குரல் உடைந்தது. "வேணாம். வண்டியத் திருப்பிடறேன்."

"பாவம்டா. இன்னும் நின்னுட்டிருக்கான்."

"மாமா, சொல்லாதீங்க."

"யாராவது சொல்லணும்ல?" பொத்தானை அழுத்தினார். இரைச்சல். "போதும்டா தம்பி. தெரியாம விட்டுட்டேன். போதும், வா."

திரையில் முதல் கம்பத்தின் காற்று ஏறியது. முழுசாக. அங்கே இப்போது யாருமில்லை.

போய்விட்டான். அளவுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி, ஏங்கி ஏங்கி அழுதார்.

மச்சினன் அவர் தோளைத் தொட்டான். திரையைக் காட்டினான்.

நடுக்கம்பம். நெஞ்சு உயரம். காற்று குறைந்திருந்தது.

பிறகு ஏறியது.

மூன்றாவது கம்பம். குறைந்தது.

வேனிலிருந்து கல்லெறி தூரம்.

"மாமா... எங்க வரச் சொன்னீங்க?"

மூன்றாவதும் ஏறியது.

வேனின் ஆட்டம் நின்றது. தகரத்தில் மழை அறைவதும் நின்றது. வெளியே மழை படுக்கையாகப் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. முன்கண்ணாடியெங்கும் தண்ணீர். நடுவில் மட்டும் இல்லை.

நடுவில் ஒரு காய்ந்த இடம். தலை. அகன்ற தோள். விரித்த இரண்டு கை. அதன் வழியே பார்த்தால் சாலை தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

காய்ந்த இடம் பெரிதானது.

இன்னும் பெரிதானது.

கைகள் கண்ணாடியின் இரண்டு ஓரத்தையும் தாண்டின. மெல்ல உள்பக்கமாக வளைந்தன. கட்டிப்பிடிக்க வருவது போல.

ஆனால் வானிலைப் பதிவேட்டில், அந்த வருடம் அந்தக் கரையை எந்தப் புயலும் தொடவில்லை. அவர்கள் அளக்கப் போன புயலும் அதற்கு முன்பே நடுக்கடலிலேயே கலைந்துபோயிருந்தது.