நெபெகாராவின் தோல்வி

செவ்வாய்க் கோளில் வெள்ளிக்கிழமைதோறும் செத்துப்போன அரசர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடம் நடத்துவார். எலும்பில் எஞ்சிய நினைவைப் பிரித்தெடுத்து, ‘மீளுடல்’ என்ற இயந்திர உடம்பில் ஏற்றி அனுப்புவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி கேட்பார்கள்.

அந்த வாரம் வந்தவர் எகிப்தின் போர்வேந்தர் நெபெகாரா. செவ்வாயின் துருவப் போர் வெற்றியின் முதலாண்டு விழா என்பதால், அந்தப் போரை நடத்திய ஆளுநரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரலாற்று ஆசிரியை அங்கயற்கண்ணி சுவரோரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் தம்பி மாறன் அந்தப் போரில்தான் செத்தான். உடல்கூட வரவில்லை, பதக்கம் வந்தது.

சிறுவயதில் அரியணை ஏறியது, தேரோட்டப் பழகியது, தெற்கே தங்கச் சுரங்கங்களைப் பிடித்தது என்று நெபெகாரா தன் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். ஆளுநருக்குப் பொறுக்கவில்லை.

“அந்த ஆத்தங்கரைப் போரைச் சொல்லுங்க. தனி ஆளா எதிரிப் படையையே விரட்டினீங்களே, கோயில் சுவரெல்லாம் செதுக்கியிருக்கே.”

“விரட்டவில்லை. ஓடினேன்,” என்றார் நெபெகாரா. “ஒற்றன் பேச்சை நம்பிப் படையைச் சதுப்பில் இறக்கினேன். என் தேர் மட்டும் தப்பியது. திரும்பி வந்ததும் வெற்றி என்று செதுக்கச் சொன்னேன். மறுத்த சிற்பிகளைக் கொன்றேன். முணுமுணுத்த ஊர்களை எரித்தேன்.”

ஆளுநர் முகம் கறுத்தது. “மெஷின் பழுதாயிடுச்சு. இந்த நினைவை அழிச்சிட்டு, சுவத்துல இருக்கறதை ஏத்துங்க.”

ஓராண்டாக அடக்கிவைத்த ஆத்திரம் அங்கயற்கண்ணிக்குப் பீறிட்டது.

“எதுக்கு அழிக்கணும்? துருவத்துல நீங்களும் இதைத்தானே செஞ்சீங்க? இருந்த ஒரே பிராணவாயு வண்டியை எடுத்துக்கிட்டு முதல்ல கிளம்பினது யாரு?”

ஆளுநர் கோபப்படவில்லை. “அழிக்கலாமா வேண்டாமான்னு ஊரே சொல்லட்டும்,” என்று எழுந்து போனார்.

துருவப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கெல்லாம் அங்கயற்கண்ணி அன்றே போய் நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் தலைகுனிந்து கேட்டார்கள். ஊர் தன் பக்கம் என்று நம்பினாள்.

மறுநாள் பள்ளியின் அதே கூடத்தில் ஊர் கூடியது. நெபெகாராவையும் நிறுத்தியிருந்தார்கள். அழிக்கலாம் என்பவர்கள் கை தூக்கும்படி ஆளுநர் கேட்டார். முதலில் உயர்ந்தது அவள் அம்மாவின் கை. பிறகு கூடம் முழுக்கக் கைகள்.

“அம்மா, மாறனைச் சாக விட்டுட்டு ஓடினவன்மா அவன்.”

“தெரியும்டி,” என்றாள் அம்மா, கையை இறக்காமலே. “எம்புள்ள ஜெயிச்சுட்டுச் செத்தான்னு நெனைச்சுத்தான் தினமும் எந்திரிக்கிறேன். அதையும் பிடுங்கிடாத.”

யார்மேல் கோபப்படுவது என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியவில்லை.

நெபெகாரா கூட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆளுநரிடம் கேட்டார்: “இவர்களை எப்படி மிரட்டினீர்?”

“மிரட்டலையே. கேட்டேன், அவ்வளவுதான்.”

எந்த அரசனுக்கும் வணங்காத நெபெகாரா, ஆளுநர் முன் மெல்லத் தலை குனிந்தார்.